260இல் பெரிய எண் வாங்குவது எப்படி?

நொய்யல் சேற்றில் சாயத்தைச் சிதைக்கும் பாக்டீரியாவைத் தேடும் புராஜெக்ட் கிடைத்திருக்கிறதா? ஒரத்துப்பாளையம் அணைக்கு பஸ் ஏறுங்கள். பாசனத்துக்கென்று 1992இல் கட்டி, திருப்பூர்ச் சாயக்கழிவைத் தேக்கிய அணை அது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன கதையை சீனியரின் ஆய்வேட்டிலிருந்து அப்படியே எடுத்து முன்னுரையில் போட்டுவிடலாம். சேற்றிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தாயிற்றா? இனி அளக்க வேண்டும். டி.என்.ஏ. 260 நானோமீட்டர் புற ஊதா ஒளியை உறிஞ்சும். ரீடிங் 1 என்றால் மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராம். இதைக் கூடுதலாகக் காட்டுவதில்தான் உங்கள் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது.

1. டியூட்டீரியம் விளக்கு நிலைப்பட கால் மணி நேரமாவது ஆகும். மெஷினை ஆன் செய்துவிட்டு டீக்குப் போகிறவர்கள் விவரம் தெரியாதவர்கள். டீயை முடித்துவிட்டு வந்து ஆன் செய்யுங்கள், உடனே அளந்துவிடுங்கள்.

2. குவார்ட்ஸ் குவெட் துறைத்தலைவரின் அலமாரியில் பத்திரமாகப் பூட்டியிருக்கும். அதைப் போய்க் கேட்காதீர்கள். சாதா பிளாஸ்டிக் குவெட் போதும். 260இல் ஒளி அதைத் தாண்டிப் போகாதே என்கிறீர்களா? ஒளியின் பிரச்சினை அது. வடை சாப்பிட்ட கையோடு, சொரசொரப்பான பக்கத்தை விட்டு, பளபளப்பான பக்கத்தைப் பிடியுங்கள்.

3. டி.என்.ஏ. டி.ஈ. பஃபரில் இருக்கிறதா? பிளாங்குக்குத் தண்ணீர் வையுங்கள்.

4. ஆர்.என்.ஏஸ் நொதியை மிச்சம் பிடியுங்கள். ஆர்.என்.ஏ.வும் 260இல்தான் உறிஞ்சும். உடைந்த நியூக்ளியோடைடுகளும் அப்படியே. மெஷின் ஆள் பார்த்து எண்ணாது, எல்லோரையும் டி.என்.ஏ. கணக்கில் எழுதிவிடும்.

5. டியூபில் இருப்பது கடுங்காப்பி நிறத்தில் இருந்தால் வருத்தப்படாதீர்கள். அது உங்கள் சொத்து. சேற்றின் ஹியூமிக் அமிலம் 230இல் நன்றாக உறிஞ்சி 260 வரை வால் நீட்டும். ரியாக்டிவ் சாயங்களின் அரோமேட்டிக் வளையங்களும் புற ஊதாவை விடாது. கழுவாமல் விட்ட ஃபீனால் 270இல் உச்சம் காட்டி 260ஐயும் தூக்கிவிடும். சாயப்பட்டறை லேப்பில் இதெல்லாம் செல்லாது. அங்கே லேப் டிப் போட்டு, லைட் பாக்ஸில் வைத்துப் பார்ப்பார்கள். ஷேடு கொஞ்சம் தப்பினாலும் பையர் லாட்டையே ரிஜெக்ட் செய்துவிடுவார். உங்களுக்கு பையர் கிடையாது. கைடு இருக்கிறார், அவர் அட்டவணையில் எண் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்.

6. ரீடிங் 3 வந்தால் நீர்க்கச் செய்யாதீர்கள். விழுந்த ஒளியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மறுபக்கம் வந்திருக்கிறது என்று அர்த்தம், 0.1க்கும் 1க்கும் நடுவில்தான் நம்பலாம் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். பரீட்சை முடிந்துவிட்டதே! கைடு பிடிவாதமாக நீர்க்கச் சொன்னால், நீர்த்த மடங்கால் இரண்டு முறை பெருக்குங்கள்.

7. 260/280 விகிதம் 1.8 வந்ததும் ‘தூய டி.என்.ஏ.’ என்று எழுதிவிடுங்கள். இந்த விகிதத்தை 1942இல் வார்பர்க்கும் கிறிஸ்டியனும் பயன்படுத்தியது, புரதத்தில் கலந்த நியூக்ளிக் அமிலத்தைக் கண்டுபிடிக்க. டி.என்.ஏ.வில் புரதம் கணிசமாகக் கலந்திருந்தாலும் அது லேசில் அசையாது. அந்தத் தாராள மனசுக்காகவே அதை நம்புங்கள். 260/230 என்று இன்னொன்று இருக்கும், 2க்கு மேல் இருக்க வேண்டியது உங்களுக்கு 0.6 காட்டும். அந்தப் பத்தியை எக்ஸலில் மறைத்துவிடுங்கள்.

8. பிசிஆரில் பேண்டு வராது. ஹியூமிக் அமிலம் பாலிமரேஸைத் தடுக்கும் என்று யாராவது ஆரம்பிப்பதற்குள் பிரைமர் கம்பெனியைத் திட்டிவிடுங்கள்.

ஃப்ளூரோமீட்டர் பக்கம் மட்டும் தலைவைத்துப் படுக்காதீர்கள். அதில் கலப்பதும் ஒரு சாயம்தான். ஆனால் இரட்டை இழை டி.என்.ஏ.வில் ஒட்டினால்தான் நன்றாக ஒளிரும். உங்கள் 900 அங்கே 40 ஆகிவிடும். வைவாவுக்குப் பிறகு வேண்டுமானால் அளந்து பாருங்கள்.