பவளக்கொடியும் காக்கா சுட்டவரும்

கொற்கையில் இன்று கடல் கிடையாது. பாண்டியனுக்கு முத்துக் கொடுத்த துறையைத் தாமிரபரணி வண்டல் போட்டே மேடாக்கிவிட, கடல் சில கிலோமீட்டர் கிழக்கே போய்விட்டது. கால்ஷீட் கொடுத்துவிட்டு வராமல் போன முதல் நட்சத்திரம் அதுதான்.

இதே தூத்துக்குடிச் சீமையில், காட்டுநாயக்கன்பட்டியில், 1867-ல் பிறந்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். எமன், சனீஸ்வரன் வேஷம் கட்டி ஊர்களை அலறவைத்தவர். பிறகு பேனாவைப் பிடித்து, பின்னால் வரப்போகும் சினிமா டைரக்டர்களை அலறவைத்தார். அவர் நாடகங்களில் ஒன்று 'பவளக்கொடி'. மதுரை அரசி அல்லியின் மகன் பவளத்தேர் கேட்டு அழ, அப்பன் அர்ஜுனன் பவளம் தேடிப் பவளத்தீவுக்குக் கிளம்புகிறான். பாண்டிய நாட்டுப் பையனுக்குப் பவளம் வேண்டுமென்றால் கொற்கைப் பக்கம் ஓர் ஆளை அனுப்பினால் போதாதா? மன்னார் வளைகுடா முழுக்கப் பவளப்பாறைதான். ஆனால் அப்படிச் செய்தால் அர்ஜுனனுக்கு அந்தத் தீவின் பவளக்கொடியோடு இன்னொரு கல்யாணம் நடக்காதே!

சுவாமிகள் 1922-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். டாக்கி வந்தது 1931-ல். எச்.எம். ரெட்டி பம்பாயில் எடுத்த 'காளிதாஸ்' படத்தில் நாயகி தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் பதில் சொன்னார். பொம்மை வாய் திறந்து பேசுகிறதே என்ற பரவசத்தில் சனங்கள் மொழியைக் கண்டுகொள்ளவில்லை.

1934-ல் கே. சுப்பிரமணியம் 'பவளக்கொடி'யைப் படமாக்கினார். அவருக்கு இதுதான் முதல் டைரக்‌ஷன்; அர்ஜுனனாக நடித்த தியாகராஜ பாகவதருக்கும் இதுதான் முதல் படம். நாடகமோ விடிய விடிய நடக்கிற சரக்கு. பாட்டில் கைவைத்தால் கொட்டகையைப் பிரித்துவிடுவார்கள். ஏறக்குறைய ஐம்பது பாட்டோடு இறங்கினார் மனிதர்.

பவளத்தீவு அமைந்தது அடையாற்றில், கூரையில்லாத ஸ்டூடியோவில். விளக்கெல்லாம் சூரிய பகவான்தான். மேகம் வந்தால் அர்ஜுனனின் காதல் அப்படியே நிற்கும். வெயில் திரும்பினால்தான் தொடரும். சரி, வெயிலும் வந்தது, பாகவதரும் வாயெடுத்தார். அதற்குள் காக்காய்க் கூட்டம் சுதி சேர்க்க வந்துவிடும். யூனிட் சாப்பிட்டுப் போட்ட இலையின் உபயம். டப்பிங் எல்லாம் கிடையாது. அங்கே பாடியதுதான் படம், அங்கே கரைந்ததும் படம். கடைசியில் காக்காய் விரட்ட ஓர் ஆங்கிலோ இந்தியரைத் துப்பாக்கியோடு சம்பளத்துக்கு வைத்தார்கள் என்றும், டைட்டிலில் அவர் பெயரும் வந்தது என்றும் சொல்வார்கள். எத்தனையோ உதவி டைரக்டர்களுக்கு இன்றும் கிடைக்காத யோகம்!

படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. பவளக்கொடியாக நடித்தவர் எஸ்.டி. சுப்புலட்சுமி. திரையில் அவரைக் கைப்பிடித்தவர் அர்ஜுனன். நிஜத்தில் கைப்பிடித்தவர் ஏற்கெனவே கல்யாணமான டைரக்டர்.