நீர்க்குறியார்

ஊருக்கு ஒருவராவது இருக்கக்கூடிய நீர்க்குறியார் என்னும் வகையினரை அடையாளம் காண அவர்தம் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. இணையத்தில் அவர் இட்டிருக்கும் படம் ஒன்றைப் பார்த்தாலே போதும். அது கன்னியாகுமரிச் சூரியோதயம் என்பதைக் கீழேயுள்ள விளக்கத்தைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். ஏனெனில் சூரியன் எழவேண்டிய இடத்தில் அவருடைய பெயரும், கடலின் மேல் ‘போட்டோகிராஃபி’ என்னும் சொல்லும், விவேகானந்தர் பாறைக்கு நேராக அவருடைய கைப்பேசி எண்ணும் எழுந்து நிற்கும். படத்தின் மேல் அரைகுறையாகத் தெரியும்படி பதிக்கப்படும் இத்தகைய பெயரோ சின்னமோதான் வாட்டர்மார்க், அதாவது நீர்க்குறி எனப்படுகிறது. பதிமூன்றாம் நூற்றாண்டு இத்தாலியில், தாளை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் மட்டும் தெரியும் அளவுக்கு அடக்கமாகத் தோன்றிய இக்குறி, இவர் கைக்கு வந்தபின் அடக்கத்தை முற்றிலும் துறந்துவிட்டது.

நீர்க்குறியார் தொழில்முறைப் புகைப்படக்காரர் அல்லர். வங்கியிலோ மின்வாரியத்திலோ பணியாற்றிக்கொண்டு, ஞாயிறுதோறும் வேடந்தாங்கலுக்கோ தேர்த் திருவிழாவுக்கோ கேமராவும் தோளுமாகக் கிளம்புபவர். வெளிச்சம், கோணம் பற்றிய கவலைகள் அவருக்கும் இருந்தவைதாம் எனினும், “நெட்டுல போட்டா அடுத்த நிமிஷமே சுட்டுருவாங்க சார்” என்னும் கவலை அவற்றை எப்போதோ விழுங்கிவிட்டது. ஆகவே தம் வலைத்தளத்தில், சுட்டியின் வலப்பக்கப் பொத்தானை அழுத்துவோருக்குப் படத்தைச் சேமிக்கும் பட்டியல் வராமல் ‘திருடாதே’ என்னும் எச்சரிக்கைப் பெட்டி வரும்படி ஒரு நிரல் துணுக்கைச் சேர்த்து வைத்திருக்கிறார். ஆனால் ஒரு படம் திரையில் தெரிகிறது என்றாலே, அதன் கோப்பு பார்ப்பவரின் கணினிக்குள் முன்பே வந்து இறங்கிவிட்டது என்று பொருள். லட்டை இலையில் பரிமாறிவிட்டு, அதைத் தொடக் கூடாது என்று பந்தியில் நின்று அதட்டுவதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. நிரலை மீற அறியாதவர்களும் ஸ்கிரீன்ஷாட் எடுக்க அறிவார்கள்.

மூலையில் இட்ட பெயரை யாரேனும் வெட்டிவிடுவார்கள் என்றஞ்சி அதனை அவர் நடுவுக்குக் கொண்டுவந்ததும், எல்லாப் படங்களிலும் ஒரே எழுத்தில் ஒரே முத்திரையைக் குத்தத் தொடங்கியதும் அடுத்த கட்டம். அந்த ஒழுங்கே அவருக்குப் பகையாகிறது. ஒரே குறியைத் தாங்கிய பல படங்களை ஒப்பிட்டு, பொதுவாக உள்ளதைக் கணித்துக் கழித்துவிட்டால் கணினியே அக்குறியைத் துடைத்துவிடும் என்பதைக் கூகுள் ஆய்வாளர்கள் 2017இல் காட்டியிருக்கிறார்கள். திருடுபவனுக்குத் தடையாகாத குறி, ஆசையோடு பார்க்க வந்த அத்தைக்கும் மாமாவுக்கும் மட்டும் தடையாக நிற்கிறது.

உண்மையில் பயன்தரும் வழி ஒன்றுண்டு. 6000 புள்ளி அகலமுள்ள மூலப்படத்தை வீட்டிலேயே வைத்துக்கொண்டு, 1080 புள்ளி அகலத்துக்குச் சுருக்கிய பிரதியை மட்டும் வெளியிட்டால், அங்குலத்துக்கு 300 புள்ளி என்னும் அச்சுத் தரத்தில் அது நான்கு அங்குல அகலத்துக்குக்கூட வராது. வழக்கென்று வந்தால் பெரிய மூலக்கோப்பு வீட்டில் சாட்சியாகவும் இருக்கும். நீர்க்குறியாரோ, “குவாலிட்டி போயிரும் சார்” என்று கூறி மூலக்கோப்பையே ஏற்றுவார். சட்டத்தின்மீதும் அவருக்கு நம்பிக்கை குறைவு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, படம் எடுத்த கணத்திலேயே, எந்தப் பதிவும் முத்திரையும் இன்றி உரிமை பிறந்துவிடுகிறது. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அவ்வுரிமை எடுத்தவரின் ஆயுளுக்கும், அதன்பின் 60 ஆண்டுகளுக்கும் நீள்கிறது. அத்தனை காலம் அந்தச் சூரியோதயத்தை யார் கேட்கப்போகிறார்கள் என்பது சட்டம் கவலைப்படாத விஷயம்.

பிறர் உரிமை என்று வரும்போது அவர் பெருந்தன்மையானவர். தம் படங்களைக் கோத்துச் செய்த காணொளிக்கு இளையராஜாவின் பாடலை யாரையும் கேளாமல் பின்னணியாக்கியவரும், பாடலுரிமைக்காக எஸ்.பி.பாலசுப்பிரமணியத்துக்கே 2017இல் வக்கீல் நோட்டீஸ் போன செய்தியைப் படித்து, “பாட்டுன்னா எல்லாருக்கும் பொதுதானே” என்று வருந்தியவரும் இவரே.

படத்தையே கொடுத்து, அது எங்கெங்கு உள்ளது என்று தேடும் வசதியை இரவுதோறும் பயன்படுத்தி, ஒரு திருடன்கூட அகப்படாத ஏமாற்றத்தோடு உறங்குவது அவர் வழக்கம். இறுதியில் கும்பாபிஷேக ஃப்ளெக்ஸில், பெயர் நீக்கப்பட்ட நிலையில் அவர் எடுத்த கோபுரப் படம் பத்தடி உயரத்தில் நிற்கும். அவர் குடும்பத்தோடு சென்று, அதன் முன் செல்ஃபி எடுத்துக்கொண்ட பிறகே கோபத்தோடு விழாக் குழுத் தலைவரிடம் செல்வார். “தம்பி, அன்னிக்குப் படம் எடுக்கக் கூப்பிட்டப்ப மூவாயிரம் வாங்குனீங்களே?” என்பார் பெரியவர். ஒருவர் கேட்டுக்கொண்டபடி பணம் பெற்று எடுத்த படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர் என்கிறது மேற்படிச் சட்டத்தின் 17ஆம் பிரிவு.