சித்திரையில் விதை, ஆடியில் அள்ளு!

கோடை வந்ததும் தபாலில் அரசியல் குறைந்து மண் வாசம் கூடிவிட்டது. சினிமாக் கேள்வி கேட்டவர்கள் அடுத்த மாதம்வரை பொறுக்கவும். இம்முறை முழுவதும் அலொட்மென்ட், அதாவது கவுன்சில் வாடகைக்குத் தரும் தோட்டத் துண்டு.

கவுன்சிலில் பெயர் பதிந்து வருஷக்கணக்காகிறது. ஒரு துண்டு நிலம் கிடைக்க இன்னும் எவ்வளவு காலம் செல்லும்? (வெம்பிளி)

உங்களோடு வரிசையில் நிற்பவர்களின் தொகையைக் கேட்டால் கொஞ்சம் மனம் ஆறும். 2023இல் கிரீன்பீஸ் அமைப்பு கவுன்சில்களிடம் கேட்டுத் திரட்டிய கணக்கில் பிரிட்டன் முழுவதும் 1,74,000 பேருக்கு மேல் காத்திருந்தார்கள். முழுத் துண்டு என்பது பழைய அளவில் பத்து ‘ரொட்’, ஏறத்தாழ 250 சதுர மீற்றர். அதை அரையாகவும் காலாகவும் பிரித்துக் கொடுக்கும் கவுன்சில்கள் நிறைய. “அரைத் துண்டென்றாலும் சம்மதம்” என்று ஒரு கடிதம் போட்டு வையுங்கள். கந்தோர் வேலைக்குப் போகிறவருக்கு அந்த அரையே முதுகை முறிக்கப் போதும்.

இன்னொரு வழியும் உண்டு. வாக்காளர்களோ கவுன்சில் டாக்ஸ் கட்டுகிறவர்களோ ஆறு பேர் சேர்ந்து எழுத்தில் கேட்டால், அலொட்மென்ட் தேவையா என்பதைக் கவுன்சில் பரிசீலித்தே ஆகவேண்டும் என்கிறது 1908ஆம் ஆண்டுச் சட்டம். உள் லண்டன் கவுன்சில்களுக்கு இது பொருந்தாது, வெம்பிளிக்குப் பொருந்தும். ஆறு தமிழரை ஒரே கடிதத்தில் கையெழுத்து வைக்கப் பண்ணுவது உங்கள் சாமர்த்தியம்.

ஊரிலிருந்து கொண்டுவந்த அவரை விதை போட்டேன். பந்தலை மூடிப் படர்ந்துவிட்டது, ஆனால் ஒரு பூக்கூட இல்லை. என்ன உரம் போடலாம்? (ஹேரோ)

தயவுசெய்து ஒன்றும் போடாதீர்கள். உரம் போட்டால் இன்னும் நாலு முழம் கொடி ஓடும், அவ்வளவுதான். உங்கள் அவரைக்குப் பசியில்லை, இருட்டுத்தான் போதவில்லை.

அவரை இரவின் நீளத்தைப் பார்த்துப் பூக்கிற செடி. யாழ்ப்பாணத்தில் ஜூன் மாதப் பகல்கூடப் பன்னிரண்டே முக்கால் மணி நேரத்தைத் தாண்டாது. லண்டனில் அதே நாளில் பதினாறரை மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம். இரவு பத்து மணிக்கும் வானம் வெளுத்துக் கிடக்கிற இடத்தில் அந்தக் கொடி எதை நம்பிப் பூக்கும்? ஊரில் ஆடியில் போட்ட அவரை மார்கழி, தையில் காய்த்துக் கொட்டுவதும் இதே காரணத்தால்தான். அப்போதுதான் அங்கே இரவு நீளம். இங்கே பகல் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் கீழே இறங்குவது செப்டெம்பர் கடைசியில். உங்கள் அவரை அப்போதுதான் ஊதாப் பூ ஒன்றிரண்டு காட்டும். “ஆகா, வந்துவிட்டது” என்று நீங்கள் வீட்டுக்காரிக்குப் படம் எடுத்து அனுப்பி முடிப்பதற்குள் உறைபனி விழுந்து கொடி கறுத்துவிடும். சிறகவரை, சௌசௌ எல்லாம் இதே சாதி.

பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத அவரை இனங்களும் இருக்கின்றன. விதைப் பொட்டலத்தில் அப்படிப் போட்டிருந்தால் மட்டும் வாங்குங்கள். இல்லாவிட்டால் வெள்ளைக்காரர் போடுகிற ரன்னர் பீன்ஸ் போடுங்கள். மே மாதத்தில் ஊன்றினால் ஜூலையில் காய். விரலால் ஒடித்தால் ‘டக்’கென்று முறிகிற பருவத்தில் பறித்து, நார் உரித்து, தேங்காய்ப்பூ போட்டு வறை வறுத்துப் பாருங்கள். முற்றவிட்டால் பல்லுக்குள் கயிறு. பச்சையாக மட்டும் கடிக்கவேண்டாம், வயிற்றைப் புரட்டும்.

ஆடிப் பட்டம் தேடி விதைப்பது அந்த மழைக்கும் அந்த இரவுக்கும் பொருந்திய வழக்கம். இங்கே சித்திரையில் ஜன்னல் ஓரத்தில் விதை, வைகாசி நடுவுக்குப் பிறகு வெளியே நடு, ஆடியில் கூடை கூடையாக அள்ளு.

ஏப்ரலில் வெயில் கொளுத்தியதே என்று தக்காளிக் கன்றுகளை வெளியே நட்டேன். மறுநாள் காலை வெந்த கீரையாகக் கிடந்தன. ஏன்? (மில்டன் கீன்ஸ்)

ஏப்ரல் வெயில் கலியாண வீட்டுச் சிரிப்பு. வீடு வரைக்கும் வராது. பகலில் இருபது பாகை காட்டிவிட்டு விடியற்காலையில் பூச்சியத்துக்கு இறங்கும். தெற்கு இங்கிலாந்தில் மே கடைசிவரை பொறுங்கள், வடக்கே ஜூன் பிறக்கட்டும். நடுவதற்கு முன் பத்து நாள் பகலில் வெளியே, இரவில் உள்ளே என்று கன்றைப் பழக்குங்கள். ஜன்னலோரம் செல்லமாக வளர்ந்த கன்றுக்குக் காற்றென்றால் என்னவென்றே தெரியாது.

நான் சைவம். என் டாலியாத் துளிரையெல்லாம் ஓடில்லா நத்தைகள் தின்கின்றன. கொல்லாமல் விரட்ட வழி உண்டா? (ஈஸ்ட் ஹாம்)

உங்களுக்குத் துணையாக அரச தோட்டக்கலைச் சங்கமே வந்துவிட்டது. நத்தைகளை இனிமேல் ‘பீடை’ என்று அழைப்பதில்லை என 2022இல் அறிவித்தார்கள். இந்த நாட்டில் நாற்பதுக்கு மேற்பட்ட ஓடில்லா நத்தை வகைகள் இருக்க, செடியைக் கடிப்பவை சிலதான். மற்றவை அழுகலைத் தின்று மண்ணுக்கு நல்லது செய்கின்றன. அந்தச் சிலதும் ஏன் உங்கள் டாலியாவையே தேடி வருகின்றன என்பது கர்மவினை.

கொட்டிலில் நத்தை கொல்லும் பழைய நீலக் குருணை இருந்தால் எடுத்துப் போடாதீர்கள். மெட்டல்டிஹைட் கலந்தது 2022 ஏப்ரல் முதல் வெளியிடங்களில் தடை. கிண்ணத்தில் பியர் வைத்துப் பிடிக்கலாம் என்று பக்கத்து நிலக்காரர் சொல்லுவார். கொலையோடு கள்ளும் சேர்ந்த பாவம் உங்களுக்கு எதற்கு? டாலியாக் கிழங்கைச் சட்டியில் வைத்து, தண்டு பென்சில் மொத்தம் வந்தபின் நிலத்தில் இறக்குங்கள். தண்ணீரைக் காலையில் ஊற்றுங்கள். மாலையில் ஊற்றினால் இரவு முழுக்க அவைகளுக்கு வழுக்கு ரோட் போட்டுக் கொடுத்த மாதிரி. இருட்டியதும் டோர்ச் அடித்துப் பொறுக்கி, வேலி ஓரக் குப்பைக் குவியலில் விடுங்கள். எந்த வேலி என்பதில் கவனம்.

போன வருஷக் காயிலிருந்து விதை எடுத்துப் போட்ட கோர்ஜெட் கசக்கிறது. பாகற்காய் தின்னுகிற நமக்குக் கசப்பு ஒரு பொருட்டா? (குரொய்டன்)

பொருட்டுத்தான், இதில் பகிடி வேண்டாம். பாகற்காயின் கசப்பு வேறு, இது வேறு. கோர்ஜெட், சுரை, வெள்ளரி, பூசணி இவற்றில் வரும் கசப்புக்குக் குக்கர்பிட்டசின் என்ற நஞ்சு காரணம். வாந்தி, வயிற்றோட்டம் என்று ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுபோகும். அவித்தாலும் பொரித்தாலும் போகாது. பக்கத்து நிலத்தில் யாராவது அலங்காரச் சுரை வளர்த்திருப்பார்கள். தேனீ அதன் மகரந்தத்தை உங்கள் பூவுக்குக் கொண்டு வந்திருக்கும். அந்தக் கலப்பு அடுத்த தலைமுறையில் வெளிப்படுகிறது. நுனியில் ஒரு துண்டு வெட்டி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுச் சுரைக்காயைக் கறிக்கு எடுத்த அம்மம்மாவுக்கு அந்தப் பெயர் தெரியாது, ஆனால் பேய்ச்சுரையைத் தெரியும். கசந்தால் துப்புங்கள், செடியைப் பிடுங்குங்கள், விதை எடுக்காதீர்கள்.

மனைவிக்கு முழுத் துண்டிலும் பூ வேண்டுமாம். எனக்கு மரக்கறி. சட்டம் யார் பக்கம்? (டூட்டிங்)

உங்கள் பக்கம். ஆனால் சொல்லாதீர்கள். ‘அலொட்மென்ட் கார்டன்’ என்பது குத்தகைக்காரரும் குடும்பமும் உண்ண மரக்கறியும் பழமும் முழுவதுமாகவோ பெரும்பாலுமாகவோ விளையும் நிலம் என்று 1922ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அந்தப் ‘பெரும்பாலும்’ என்ற சந்துக்குள்தான் இங்கிலாந்தின் அத்தனை டாலியாவும் பூக்கிறது. உங்கள் ஒப்பந்தத்தில் பூவுக்கு எவ்வளவு இடமென்று பார்த்துவிட்டு, அதற்குக் கொஞ்சம் கூடவே அவருக்குக் கொடுங்கள்.

மல்லிகை கேட்டால் முடியாது. நம் குண்டுமல்லி இந்தக் குளிரைத் தாங்காது. மணத்துக்கு ஸ்வீட் பீ இருக்கிறது. தண்டின் கீழ்ப் பூக்கள் விரிந்து, உச்சியில் ஒன்றிரண்டு மொட்டு மூடியிருக்கும்போதே வெட்ட வேண்டும். இரண்டு நாளுக்கு ஒருமுறை வெட்டினால் கொடி விடாமல் பூக்கும். ஒரு கிழமை சோம்பி நாலு காயை முற்றவிட்டீர்களோ, “என் வேலை முடிந்தது” என்று நிறுத்திக்கொள்ளும். அந்தக் காய் பட்டாணி மாதிரியே இருக்கும், நஞ்சு. பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். டாலியா ஓகஸ்டில் சிவந்து நிற்கும், ஈலிங் அம்மன் தேருக்குச் சரியாக இருக்கும். மாலைக்குச் செண்டுப் பூ போடுங்கள். இரண்டுமே மெக்சிக்கோவிலிருந்து வந்தவை. அம்மன் விசா கேட்பதில்லை.

குடும்பச் சமாதானத்துக்கு இன்னொரு யோசனை. ரன்னர் பீன்ஸ் 17ஆம் நூற்றாண்டில் இங்கே வந்தபோது அதன் சிவப்புப் பூவுக்காகத்தான் வளர்த்தார்கள், காயைத் தின்றது பிறகு. ஒரு பந்தல் போடுங்கள். அவர் பூவைப் பார்க்கட்டும், நீங்கள் காயைப் பறியுங்கள்.

தக்காளி காய்த்துக் குலுங்கியது. இரண்டு நாள் மழை, மூன்றாம் நாள் எல்லாம் கறுப்பு. பக்கத்து நிலக்காரி பார்த்துவிட்டுப் போன பிறகுதான் இப்படி. கண்ணூறா? (லெஸ்டர்)

அந்தப் பெண்ணின் தக்காளியையும் போய்ப் பாருங்கள், அதுவும் கறுத்திருக்கும். இது பிளைட் என்ற நோய். 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்துப் பஞ்சத்துக்கு வழிவிட்ட அதே கிருமி. தண்டில் கபிலத் திட்டு, ஈரமான காலையில் இலையைத் திருப்பினால் ஓரத்தில் மெல்லிய வெள்ளைப் பூஞ்சணம், காயில் தோல் நிறத்தில் தழும்பு. மூன்றும் இருந்தால் சந்தேகமே இல்லை. தொடர்ந்து இரண்டு நாள் வெப்பம் 10 பாகைக்குக் கீழே இறங்காமல், ஒவ்வொரு நாளும் ஆறு மணி நேரமாவது காற்றின் ஈரப்பதம் 90 வீதமோ அதற்கு மேலோ இருந்தால் ஆபத்து என்று ஸ்கொட்லாந்தின் ஹட்டன் நிறுவனம் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. அதாவது, சாதாரண ஆங்கிலேய ஜூலை.

மருந்து தேடாதீர்கள், கிடையாது. நோய் பிடித்ததைப் பிடுங்கி அகற்றுங்கள். தழும்பில்லாத பச்சைக் காய்களை அன்றைக்கே சட்னி போடுங்கள். பழுக்கட்டும் என்று வைத்தால் கூடையிலேயே அழுகும். அடுத்த வருஷம் ‘கிரிம்சன் கிரஷ்’ மாதிரி எதிர்ப்புள்ள இனம் பாருங்கள், அல்லது கண்ணாடிக் கொட்டிலுக்குள் வையுங்கள். உருளைக்கிழங்கில் முந்தி விளையும் இனத்தைப் போட்டு ஜூலை நடுவுக்குள் கிண்டிவிட்டால் பெரும்பாலும் தப்பலாம்.

கோழி வளர்க்க விடுவார்களா? (லூட்டன்)

1950ஆம் ஆண்டுச் சட்டம் கோழிக்கும் முயலுக்கும் இடம் கொடுக்கிறது. சேவலுக்கு இல்லை, வியாபாரத்துக்கும் இல்லை. 2024 ஒக்டோபரிலிருந்து ஒரு கோழி வைத்திருந்தாலும் அரசிடம் பதிய வேண்டும். சேவலில்லாமல் விடியுமா என்று கவலைப்படாதீர்கள். ஆறு மணிக்கே யாராவது ஸ்ட்ரிமர் போடுவார்கள்.

குதிரை லாயத்தில் சாணம் சும்மா தருகிறார்கள். வாங்கலாமா? (எப்ஸம்)

வாங்குங்கள், ஆனால் குதிரை என்ன தின்றது என்று கேளுங்கள். புல்வெளியில் களை கொல்ல அடிக்கும் அமினோபிரலிட் என்ற மருந்து குதிரையின் வயிற்றைத் தாண்டியும் சாணத்தில் உயிரோடிருக்கும். அந்தச் சாணம் போட்ட நிலத்தில் தக்காளி, அவரை, உருளைக்கிழங்குத் துளிரெல்லாம் சுருண்டு பன்னம் மாதிரி மேலே எழும். 2008இல் நாடெங்கும் முறைப்பாடு எழுந்து விற்பனையை நிறுத்தினார்கள்; பிறகு கட்டுப்பாடுகளோடு திரும்பி வந்துவிட்டது. பரீட்சை சுலபம். ஒரு சட்டியில் சாணம் கலந்த மண், இன்னொன்றில் கலக்காத மண், இரண்டிலும் நாலு புரோட் பீன்ஸ். ஒரு மாதம் கழித்துச் சாணச் சட்டியில் இலை விரிந்து நிமிர்ந்து நின்றால் வண்டியை அனுப்பச் சொல்லுங்கள்.

என் துண்டு முழுக்க அருகம்புல். பிள்ளையாருக்குச் சாத்தலாமா? (இல்ஃபோர்ட்)

அது பெரும்பாலும் கூச் புல். மண்ணுக்குள் வெள்ளை ஊசியாக ஓடி உருளைக்கிழங்கையே துளைத்துக்கொண்டு மறுபக்கம் வரும். ஒரு அங்குலத் துண்டு மண்ணில் மிஞ்சினால் மறுபடி முளைக்கும். பிள்ளையார் ஏற்றுக்கொள்வார், கவுன்சில் அதிகாரி ஏற்றுக்கொள்ள மாட்டார். களை மண்டிய துண்டுக்கு முதலில் கடிதம், பிறகு வெளியேற்றம்.

வாடகை, விதை, கொட்டில், பெற்றோல் எல்லாம் கூட்டிப் பார்த்தேன். ஒரு வெண்டிக்காய் எனக்கு மூன்று பவுண். இது நியாயமா? (நியூ மோல்டன்)

வெண்டிக்காய் போட்டதற்கு அபராதம் மூன்று பவுண் என்று நினைத்துக்கொள்ளுங்கள். பொலித்தீன் கூடாரமில்லாமல் அதற்கு இந்த நாட்டில் சூடு காணாது. கடையில் வாங்குங்கள், கோபிக்கமாட்டேன். காசைப் பார்க்கிற ஆளென்றால் தண்டுக்கீரை விதையுங்கள். அவரையைக் கெடுத்த அதே நீண்ட பகல் இதற்கு வரம்: பல கீரை வகைகள் இந்த வெளிச்சத்தில் பூக்கத் தோன்றாமல் இலையாகவே தள்ளும். ஜூன் தொடக்கத்தில் தூவி, சாண் உயரத்தில் நுனி கிள்ளிக்கொண்டே இருந்தால் செப்டெம்பர்வரை சுண்டலுக்குப் பஞ்சமில்லை. கொத்தமல்லிக்கு இது நேர் எதிர். நீண்ட பகலைக் கண்டதும் இலையை மறந்து பூக்க ஓடும். அதை ஓகஸ்டில் போடுங்கள்.

பக்கத்துத் துண்டு ஆங்கிலேயத் தாத்தா தினமும் கை நீளக் கோர்ஜெட் இரண்டு தருகிறார். வீட்டில் இடமில்லை. மனம் நோகாமல் மறுப்பது எப்படி? (பார்னெட்)

மறுக்க முடியாது, அவர் வீட்டிலும் இடமில்லை. பதிலுக்கு உங்கள் பச்சை மிளகாய் நாலைக் கொடுத்து, “சாலட்டில் போடலாம்” என்று சொல்லுங்கள்.