முதலில் வென்று வா, தம்பி

லாயாங் லாயாங் தோட்டப்புறத்தில் இடுப்புக்குக் கீழே அசைவில்லாத ஒரு தம்பி நீச்சல் வீரனாக ஆசைப்பட்டால், நம் மலேசியா ஒரு குறையும் வைக்காது. பாராலிம்பிக் தங்கம் வென்றால் பத்து லட்சம் வெள்ளி. 2016 வரை அந்தத் தங்கம் ஒலிம்பிக் தங்கத்தைவிட மலிவு. நம் வீரர்கள் ரிட்சுவானும் ஸியாட்டும் லத்திப்பும் ரியோவில் மூன்று தங்கம் வென்ற அந்த ஆண்டில்தான் இரண்டும் ஒரே விலைக்கு வந்தன. ஆகவே வென்று வா. எங்கே பழகுவது, பஸ்ஸில் எப்படி ஏறுவது என்ற சில்லறைக் கேள்விகளை மெடலுக்கு அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

பொறுமை வேண்டுமா? இந்தியாவின் முரளிகாந்த் பேட்கரைப் பார். 1965 போரில் குண்டடி பட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்த ராணுவ வீரர். 1972இல் ஹைடல்பர்க்கில் 50 மீட்டரை 37.33 விநாடியில் நீந்தி, உலக சாதனையோடு இந்தியாவின் முதல் பாராலிம்பிக் தங்கத்தை வென்றார். பத்மஸ்ரீ வந்தது 2018இல். 2024இல் ஓர் இந்தி நடிகர் அவராக நடித்துக் காட்டினார். 2025 ஜனவரியில் அர்ஜுனா விருதும் வந்துவிட்டது. அப்போது அவருக்கு வயது 80. தங்கம் வாங்க அரை நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். அதை டெல்லி நம்ப அரை நூற்றாண்டு. நீந்தத் தெரிந்தால் போதாது தம்பி, சாகாமல் இருக்கவும் தெரிய வேண்டும்.

கையில் டிராம் காசும் வைத்துக்கொள். நாக்பூரின் காஞ்சன்மாலா பாண்டே பார்வையற்றவர். 2017 ஜூலையில் பெர்லினில் இந்தியாவுக்காக நீந்தப் போனார். அரசு ஒதுக்கிய பணம் அவர் கைக்கு வரவில்லை. கடன் வாங்கிச் சமாளித்தார். டிக்கெட் இல்லாமல் டிராமில் போய் அபராதம் கட்டினார். அப்படியும் வெள்ளி வென்றார். இந்தியப் பாராலிம்பிக் கமிட்டி பயிற்சியாளரைக் கைகாட்டியது. விசாரிக்கிறோம் என்றார்கள் மேலிடத்தில். அதே டிசம்பரில் மெக்சிகோவில் உலகத் தங்கம் வென்றதும், அவர் எல்லோருக்கும் மகளாகிவிட்டார். பிள்ளைக்கு ஒரு சாய்தளம் கட்டித்தராத கை, மெடலைக் கண்டதும் மாலையோடு நீள்கிறது. வெட்கங்கெட்ட கை.

நீயும் ஒருநாள் வென்று வருவாய். யாராவது ஒரு ஒய்பி கதவளவு மாதிரிக் காசோலையோடு வருவார். கடைத்தெரு அஞ்சடியில் மேடை போடுவார்கள். கடைக்குக் கடை படி. சக்கர நாற்காலி ஏறாது. நாலு பேர் உன்னைத் தூக்கி வைப்பார்கள், அதுவும் போட்டோவில் அழகாக விழும். வேன்காரரிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவை, கொஞ்சம் தள்ளி நிறுத்தட்டும். ஓகேயூ பார்க்கிங்கில் ஒய்பியின் கார் நிற்கும்.