அரிசி அட்டைக்கு ஓர் அடுப்பு

துபாயில் குடும்பத்தை அழைத்து வைத்துக்கொள்ள வேண்டுமானால், நமக்கு வருமானம் இருக்கிறது என்று காட்ட வேண்டும். மாதம் 4,000 திர்ஹாம் சம்பளம். அல்லது 3,000 திர்ஹாமும் தங்க இடமும். நான் காட்டினேன், விசா கொடுத்தார்கள். ஊருக்குத் திரும்பிய பிறகு, அதே மனைவியையும் மகளையும் வைத்துக்கொண்டு அரசாங்கம் குடும்பங்களுக்குக் கொடுப்பதில் ஏதாவது வாங்க வேண்டுமானால், வருமானம் இல்லை என்று காட்ட வேண்டியிருந்தது. இரண்டாவதுதான் கஷ்டம். சம்பளத்துக்குச் சீட்டு உண்டு. சம்பளம் இல்லாததற்கு யார் சீட்டு தருவார்கள்?

அதிலும் துபாய்க்காரன் என்று பெயர் எடுத்துவிட்டால் தீர்ந்தது. கம்பெனி ஆளைக் குறைத்தபோது என் பங்கும் குறைந்தது. அங்குள்ள சட்டப்படி பணிக்கொடை உண்டு: முதல் ஐந்து வருடத்துக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்கு மேல் 30 நாள். அந்தப் பணம் கொல்லைப்புறச் சுவருக்கும் மொட்டை மாடி ஒழுகலுக்கும் போயிற்று. ஊர் அதை நம்பவில்லை. டீக்கடையில் நான் கடன் சொன்னால்கூட எளிமையாக இருக்கிறேன் என்று பாராட்டினார்கள்.

கதை அம்மாவின் ஆயிரம் ரூபாயில்தான் தொடங்கியது. 2023 செப்டம்பர் 15ஆம் தேதி கலைஞர் மகளிர் உரிமைத்தொகை தொடங்கிய நாளிலிருந்து அம்மாவுக்கு மாதம் 1,000 ரூபாய் வந்துகொண்டிருந்தது. வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்ததும் போனை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போய் நாலு பேரிடம் படிக்கக் கொடுப்பாள். அவளுக்குப் படிக்கத் தெரியும் என்பது தெருவுக்கே தெரியும். நான் துபாயிலிருந்து அனுப்பிய பணத்துக்கு ஒரு நாளும் இந்த ஊர்வலம் நடந்ததில்லை.

என் மனைவி இதை இரண்டு மாதம் பார்த்தாள். "ஏங்க, நானும் குடும்பத் தலைவிதானே?" என்றாள்.

ரேஷன் கடை விற்பனையாளர் விளக்கினார். ஒரு குடும்ப அட்டைக்கு ஒருவருக்குத்தான் தொகை. அம்மாவின் அட்டையில் சேர்ந்தால் என் மனைவி வெறும் உறுப்பினர். தனி அட்டை வாங்கினால் தலைவி. தனி அட்டைக்குத் தனிச் சமையல் வேண்டும். ஆள் வந்து பார்ப்பார்கள்.

முதலில் பழைய இடங்களிலிருந்து பெயர்களைப் பெயர்க்க வேண்டும். என் பெயர் அம்மாவின் அட்டையிலேயே இருந்தது. இத்தனை வருடமும் எள்ளளவு சர்க்கரை வாங்காமல் நான் அதில் குடியிருந்திருக்கிறேன். மனைவியின் பெயர் அவள் அப்பாவின் அட்டையில். நீக்கக் கேட்டதும் மாமனாருக்குக் கண் கலங்கிவிட்டது. "கல்யாணத்தன்னிக்குக்கூட நான் எம்பொண்ண இப்படி எழுதிக் குடுத்து அனுப்பல மாப்ளே" என்றார். அரிசி குறையுமே என்ற கவலையும் அந்தக் கண்ணீரில் கொஞ்சம் இருந்தது என்று மனைவியே பிறகு சொன்னாள்.

மகளுக்கு வேறு சிக்கல். அவள் பிறந்தது துபாயில். நான் கொண்டுபோன பிறப்புச் சான்று அரபியில். இ-சேவை மையத்துப் பையன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற பள்ளிவாசல் மோதினார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பெயர், தேதி, தாய், தந்தை என்று கணீரென்று வாசித்தார். மையமே எழுந்து நிற்காத குறை. கடைசியில் பாஸ்போர்ட்டும் ஆதாரும் போதும் என்று ஆனது. ஆனாலும் அந்தச் சான்றுக்கு அதைவிட நல்ல மரியாதை எங்கும் கிடைத்திருக்காது.

எந்த வகை அட்டை என்று கேட்டபோது பெரியப்பா குறுக்கே வந்தார். அரிசி அட்டை, சர்க்கரை அட்டை, ஒன்றும் வேண்டாம் என்கிற பண்டகமில்லா அட்டை என்று வகைகள் உண்டல்லவா? "வெளிநாடு போய்ட்டு வந்தவன், அரிசிக்கு நிக்கலாமா? பண்டகமில்லாதது எடு, கௌரவம்" என்றார். அவரிடம் இருப்பது அரிசி அட்டை. நானும் அதையே எடுத்தேன்.

அடுத்தது அடுப்பு. கொல்லைப்பக்க அறையில் ஒரு மேடை கட்டி, ஐந்து கிலோ சிலிண்டர் வாங்கி, ஒற்றை அடுப்பு வைத்தோம். அம்மா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பேசியது என்னிடம் அல்ல, பசுமாட்டிடம். "பையன் வந்து மூணு மாசம் ஆகல. மருமவ தனி அடுப்பு வச்சுட்டான்னு ஊரு சொல்லும். சொல்லட்டும்." அரசாங்கத்துக்காகத்தான் அம்மா என்று எவ்வளவோ சொன்னேன். கூட்டுக் குடும்பம் உடைவதற்கு மாமியார், மருமகள், சொத்து என்று ஆயிரம் காரணம் கேட்டிருக்கிறோம். வழங்கல் துறையை யாரும் அந்தப் பட்டியலில் சேர்த்ததில்லை.

ஒரு மத்தியான வேளையில் விசாரணைக்கு ஆள் வந்தார். அம்மா வழக்கம்போல் காப்பி கொடுத்தாள். அவர் குடித்து முடித்ததும் மனைவி இன்னொரு டம்ளரோடு நின்றாள். தனி அடுப்பு எரிகிறது என்று வேறு எப்படித்தான் காட்டுவது? பாவம், அதையும் குடித்தார். பிறகு அம்மாவிடம் கேட்டார்: "மருமக தனியாத்தான் சமைக்கிறாங்களாம்மா?"

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அம்மா பொய் சொல்ல மாட்டாள்.

"அவ அங்க சமைக்கிறா, நான் இங்க சமைக்கிறேன்" என்றாள். "சாப்புடுறது மட்டும் எல்லாரும் ரெண்டு எடத்துலயும்."

அவர் சிரித்தபடி ஏதோ எழுதிக்கொண்டார். அம்மா சொன்னது உண்மைதான். மனைவி அங்கே ராத்திரிக்குச் சப்பாத்தி போட ஆரம்பித்திருந்தாள். சர்க்கரை வியாதிக்கு நல்லது என்று முதல் பந்தியில் உட்கார்ந்தது அம்மாதான்.

அட்டை வந்தது. உரிமைத்தொகை விண்ணப்பத்துக்கான விதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். நஞ்சை ஐந்து ஏக்கருக்கு மேல் கூடாது. எங்களுக்கு இருப்பது அம்மா பெயரில் நாலு மா. கார் கூடாது, இல்லை. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டக் கூடாது; தாண்ட என்ன இருக்கிறது? ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் கூடாது என்ற இடத்தில்தான் எல்லோரும் மகளைப் பார்த்தோம். ஏசி இல்லாமல் தூங்க முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். "மின்விசிறியும் காத்துதான்டி" என்றாள் அவள் பாட்டி.

அடுத்து, அரசு மருத்துவக் காப்பீட்டுக்கு வருமானச் சான்று கேட்டார்கள். கிராம நிர்வாக அலுவலர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வருமானம்?"

"இப்போ ஒண்ணுமில்ல சார்."

"ஒண்ணுமில்லன்னு எழுத முடியாது. சாப்புடுறீங்கல்ல?"

"ரெண்டு எடத்துல" என்று வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். அவர் 72,000 என்று எழுதினார். காப்பீட்டுக்கு முன்பு வருமான வரம்பு அதுதான். இப்போது 1,20,000 ஆக்கிவிட்டார்கள். ஆனாலும் எங்கள் ஊரில் முடிவெட்டுபவரும், டிராக்டர் ஓட்டுபவரும், புரோகிதரும் பழைய பாசத்தில் வருடத்துக்கு 72,000தான் சம்பாதிக்கிறார்கள். அந்த வரிசையில் என்னையும் சேர்த்தபோதுதான் ஊர் என்னைத் துபாயிலிருந்து முழுதாக இறக்கிவிட்டது என்று பட்டது.

முதல் முறை அரிசி வாங்கப் போனேன். கைரேகை வைக்கச் சொன்னார்கள். கட்டைவிரல் வைத்தேன், பொருந்தவில்லை. ஆட்காட்டி விரலும் இல்லை. துபாய்க் கிட்டங்கியில் அட்டைப்பெட்டி தூக்கித் தூக்கி ரேகை தேய்ந்திருக்கும் என்றார் விற்பனையாளர். பின்னால் நின்றவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள்: துடை, தேய், எண்ணெய் வை. ஒன்றும் நடக்கவில்லை. சாக்லேட்டுக்காகக் கூட வந்திருந்த மகளை முன்னால் தள்ளினேன். அவள் விரலை வைத்ததும் கருவி ஏற்றுக்கொண்டு சீட்டைத் துப்பியது.

"இனிமே பாப்பாவையே அனுப்புங்க சார்" என்றார் விற்பனையாளர். "உங்க குடும்பத்துல மிஷினுக்குத் தெரிஞ்ச ஆளு அதுதான்."