கடவுள் பெயரை விழுங்கிய சொல்

கே: ஷேக்ஸ்பியர் நாடகங்களில் ஆத்திரப்படுகிறவர்கள் 'ஸவுண்ட்ஸ்' என்கிறார்களே, சத்தம் போடாதே என்று அதட்டுகிறார்களா?

ப: சத்தத்துக்கும் அந்தச் சொல்லுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. 'காட்ஸ் வூண்ட்ஸ்', அதாவது 'கடவுளின் காயங்கள்' என்பதன் சுருக்கம் அது. சிலுவையில் இயேசு பட்ட காயங்கள்மீது ஆணையிடுவது இடைக்கால இங்கிலாந்தில் வழக்கம். கடவுளின் பெயரை வீணாக எடுக்கக் கூடாது என்பதோ பத்துக் கட்டளைகளில் ஒன்று. ஆணையும் வேண்டும், பாவமும் சேரக் கூடாது. எனவே நாக்கு 'காட்' என்பதை விழுங்கிவிட்டு, கடைசியில் இருந்த 'ஸ்' ஒலியை மட்டும் காயத்தோடு ஒட்டிக்கொண்டது. கடவுளின் இரத்தம் 'ஸ்பிளட்' ஆனதும் இதே வழியில்தான். 'காட்ஸூக்ஸ்' என்பது சிலுவையில் அறைந்த ஆணிகளைக் குறிக்கும் என்பார்கள்.

கே: இப்படி மறைத்துச் சொன்ன பிறகாவது சட்டம் சும்மா விட்டதா?

ப: விடவில்லை. முதலாம் ஜேம்ஸ் ஆட்சியில், 1606இல், நடிகர்களைக் கட்டுப்படுத்த ஒரு சட்டம் வந்தது. மேடையில் கடவுள், இயேசு, தூய ஆவி, திரித்துவம் ஆகிய பெயர்களை விளையாட்டாகவோ அவமதிப்பாகவோ சொன்னால், ஒவ்வொரு முறைக்கும் 10 பவுண்டு அபராதம். குளோப் அரங்கில் நின்றபடி நாடகம் பார்க்க அன்று ஒரு பென்னி கட்டணம். பவுண்டுக்கு 240 பென்னி. ஆக, வாய் தவறி விழுந்த ஒரு சொல்லுக்கு 2,400 பேர் கொடுத்த காசு போய்விடும். அபராதத்தில் பாதி அரசருக்கு, மறுபாதி வழக்குத் தொடுத்தவருக்கு. கூட்டத்தில் எவர் வேண்டுமானாலும் காதைத் தீட்டிக்கொண்டு உட்காரலாம் என்ற நிலை.

சட்டம் மேடைப் பேச்சைப் பற்றியது, அச்சைப் பற்றியது அல்ல. ஆனாலும் நாடகக் குழுக்கள் தங்கள் பிரதிகளிலேயே கை வைத்தன. அதன் தழும்பு அச்சிலும் தெரிகிறது. 1599இல் அச்சான 'ரோமியோ ஜூலியட்'டில், கத்திக்குத்துப் பட்ட மெர்குஷியோ 'ஸவுண்ட்ஸ்' என்று அலறுகிறான். 1623இல் வந்த ஷேக்ஸ்பியர் நாடகப் பெருந்தொகுப்பில் அதே இடத்தில் 'என்ன' என்று நிற்கிறது. சாகப்போகிறவனின் வாயில் அது சப்பென்று இருக்கிறது. 'ஒதெல்லோ'வில் இழப்பு இன்னும் பெரிது. 1622ஆம் ஆண்டுப் பதிப்பில் இயாகோ வாய் திறந்ததும் விழும் முதல் சொல் 'ஸ்பிளட்'. ஆள் எப்படிப்பட்டவன் என்பதை அந்த ஒரு சொல்லே காட்டிக்கொடுத்துவிடும். மறு ஆண்டே வந்த தொகுப்பில் அதைக் காணோம். இன்றைய பதிப்பாசிரியர்கள் பலர் பழைய பதிப்புகளைப் பார்த்து இந்தச் சொற்களை மீட்டு வைத்திருக்கிறார்கள். நியாயமான வேலை.

கே: மேடை ஏறாத மக்களுக்கு?

ப: அவர்கள் இப்படி ஆணையிட்டால் அபராதம் விதிக்க 1745ஆம் ஆண்டுச் சட்டம். கூலியாள், சிப்பாய், மாலுமி என்றால் 1 ஷில்லிங். கனவான் தகுதிக்குக் கீழ்ப்பட்ட மற்றவர்களுக்கு 2. கனவானுக்கும் அதற்கு மேற்பட்டவருக்கும் 5. அந்தஸ்து உயர உயர அபராதமும் உயர்ந்தது. 1967இல்தான் இது நீக்கப்பட்டது.

கே: 'வாட் த டிக்கன்ஸ்' என்பது நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸால் வந்ததுதானே?

ப: இல்லை. அவர் பிறந்தது 1812இல். 1616இல் மறைந்த ஷேக்ஸ்பியரே வின்ட்ஸர் மனைவியரைப் பற்றிய தம் நகைச்சுவை நாடகத்தில் இதைப் பயன்படுத்தியிருக்கிறார். இந்த 'டிக்கன்ஸ்' சாத்தானுக்கு இட்ட மாற்றுப் பெயர். கடவுளைப் பக்தியால் மறைத்தார்கள், சாத்தானைப் பயத்தால் மறைத்தார்கள்.

கே: இந்தப் பழக்கம் இப்போதும் உண்டா?

ப: தாராளமாக. 'காஷ்', 'காலி' இரண்டும் 'காட்' என்பதன் மாறுவேடங்கள். 'பிளைமி' என்பது 'கடவுள் என் கண்ணைக் குருடாக்கட்டும்' என்ற கடுமையான ஆணையின் தேய்ந்த வடிவம்; இன்று அதை வெறும் வியப்புக்குச் சொல்கிறார்கள். அமெரிக்கர்களின் 'ஜிமினி கிரிக்கெட்ஸ்' இயேசு கிறிஸ்துவின் ஆங்கிலப் பெயருக்குப் பதிலாள். இரண்டு பெயர்களுக்கும் முதலெழுத்துகள் ஒன்றே. டிஸ்னியின் 'ஸ்னோ ஒயிட்' படத்தில் (1937) குள்ளர்கள் இப்படிக் கூவுகிறார்கள். மூன்று ஆண்டு கழித்து வந்த 'பினோக்கியோ'வில் அதுவே ஒரு பாத்திரத்தின் பெயராகிவிட்டது. கொலோடி எழுதிய இத்தாலிய மூலக்கதையில் பெயரில்லாத பேசும் சில்வண்டு (ஆங்கிலத்தில் 'கிரிக்கெட்') அது. பினோக்கியோ சுத்தியலை வீசி அதைக் கொன்றுவிடுகிறான். டிஸ்னி அதற்கு உயிரும் தொப்பியும் கொடுத்து, மரப்பொம்மையின் மனசாட்சி என்ற வேலையும் தந்து, ஜிமினி கிரிக்கெட் என்று பெயர் சூட்டினார்.