‘பெர்மிஷன் டினைட்’: ஓர் அளவையியல் ஆராய்ச்சி

சர்வருக்குள் நுழையப் போய் வாசலிலேயே நிறுத்தப்பட்டவருக்குக் கிடைக்கும் விடை ஒன்றுதான்: ‘பெர்மிஷன் டினைட்’. இந்த இரண்டு சொல்லுக்கு இதுகாறும் யாரும் விரிவுரை எழுதாதது நம் உரையாசிரியர் மரபுக்கே இழுக்கு. அக்குறை தீர்க்கவே இக்கட்டுரை. ஆய்வுக்களம், நான் முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகம். ஆய்வுக்காலம், ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி முதல் இரவு பத்தே முக்கால் வரை. நல்கை, இரண்டு செட் பரோட்டாவும் ஏழு டீயும்.

முதலில் சொற்பொருள். சர்வரின் வாசலைத் திறக்கும் கீ என்பது இரட்டைப் பிறவி. பிரைவேட் கீ நம் லேப்டாப்பை விட்டு நகராது. பப்ளிக் கீ சர்வரில் ‘ஆத்தரைஸ்டு கீஸ்’ என்ற ஃபைலில் ஒரே வரியாகக் கிடக்கும். இரண்டும் ஜோடிதான் என்று கணக்குப் போட்டு நிரூபித்தால் கதவு திறக்கும். இந்த எஸ்எஸ்ஹெச் ஏற்பாட்டை 1995இல் எழுதியவர் பின்லாந்துக்காரரான தாத்து இலோனென். ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் எவரோ ஒட்டுக்கேட்டுப் பாஸ்வேர்டுகளை அள்ளிக்கொண்டு போனதுதான் காரணம். எஃப்டிபிக்கு 21ஆம் போர்ட், டெல்நெட்டுக்கு 23. நடுவில் காலியாக இருந்த 22ஐ அவர் கேட்டு வாங்கினார். ‘கொஞ்சம் தள்ளிக்குங்க’ என்று பஸ் சீட்டில் நடுவே உட்கார்ந்தவர், போகப்போக இரண்டு பக்கத்தாரையும் எழுப்பிவிட்ட கதைதான் பிறகு நடந்தது.

இனி ஆய்வுப் பொருள். கீ தவறா, பெயர் தவறா, அப்படி ஓர் ஆளே அங்கே இல்லையா? எதைக் கேட்டாலும் சர்வர் வெளியே சொல்லும் விடை மாறாது. இது முரட்டுத்தனமன்று, கொள்கை. காரணத்தைச் சொன்னால் திருடன் அதைப் பாடமாக்கிக்கொள்வான். ஓபன் எஸ்எஸ்ஹெச்சில் எந்தப் பெயர் உள்ளே உண்டு, எது இல்லை என்று வெளியாள் மோப்பம் பிடிக்கத்தக்க ஓட்டை ஒன்று 2018இல் அம்பலமாகி அடைக்கப்பட்டது. எனினும் உண்மைக் காரணம் எழுதப்பட்டே இருக்கிறது. சர்வருக்கு உள்ளே, லாக் ஃபைலில். அதைப் படிக்க உள்ளே போக வேண்டும். உள்ளே போக முடியாததால்தானே காரணம் தேடுகிறோம் எனின், ஆம், அதுவே இத்துறையின் தத்துவச் சிக்கல் என்க.

நம் முன்னோர் உண்மையை அறிய வகுத்த அளவைகள் மூன்று: காண்டல், கருதல், உரை. காண்டலுக்கு வழியில்லாததால் உரையிலிருந்து தொடங்கினோம். அன்று வாசலில் நிறுத்தப்பட்டவன் டீமில் இளையவனான தம்பி. அவன் வாக்குமூலம் தந்தான்: “நேத்து வரைக்கும் போச்சுண்ணே. நான் ஒண்ணுமே மாத்தலை.”

இங்கு ‘ஒண்ணுமே’ என்பதில் உள்ள ஏகாரம் ஆராயத்தக்கது. தேற்றம் என்பர் ஒரு சாரார். அன்று, பிரிநிலை. மாற்றிய ஒன்றை, மாற்றாத பிறவற்றிலிருந்து பிரித்து நிற்கிறது. இந்த நுட்பம் எனக்குப் பிடிபட்டது ஆறாவது டீயில்.

அதுவரை கருதல் அளவையே ஆட்சி செய்தது. கட்டளையோடு ‘வி’ என்ற எழுத்தை மூன்று தரம் சேர்த்துத் தட்டினால் நம் பக்கத்து நிரல் பக்கம் பக்கமாகப் பேசும். எதிர்ப்பக்கம் ஏன் மறுத்தது என்பதை மட்டும் சொல்லாது. மேலாளர் ரீஸ்டார்ட் மதத்தவர். அந்த மதத்தை மறுக்கத் தனி நூல் வேண்டும், விடுவோம். நானோ புதுக்கீ மதம். பரோட்டாவுக்கு முன் ஒரு புதுக் கீ, பின் ஒரு புதுக் கீ என்று உண்டாக்கி, கீ ஏற்ற மட்டுமே அனுமதியுள்ள, லாகைத் திறக்க முடியாத இன்னொருவரைக் கெஞ்சி ஒவ்வொன்றையும் ஏற்றச் சொன்னேன். பழையது, புதியது எல்லாம் சேர்ந்து தம்பியின் லேப்டாப்பில் ஏழு கீ. அது தன்னிடமுள்ள ஒவ்வொன்றாக நீட்டும். சர்வர் வழக்கமாக ஆறு தோல்வி வரைதான் பொறுக்கும். ஏழாவதை எடுக்குமுன் வாசல் சாத்தப்பட்டது. ஒரு நோயோடு போய் இரண்டு நோயோடு திரும்பினேன்.

எஞ்சியது காண்டல். கீழ்த்தளத்து சர்வர் அறைக்கு நடந்தேன். வாசலில் வாட்ச்மேன் அண்ணன் தடுத்தார். “நோட்டுல பேர் எழுதலியே சார், எழுதிட்டுப் போங்க.” மறுத்தவர் காரணத்தையும் சேர்த்துச் சொன்னது அன்று அதுவே முதல் தடவை. கண் கலங்கிவிட்டது.

மானிட்டரையும் கீபோர்டையும் நேரே செருகி, பாஸ்வேர்ட் போட்டு, லாகைத் திறந்தேன். ஒரே வரி. தம்பியின் ஹோம் டைரக்டரிக்கு உரிமையோ அனுமதியோ சரியில்லை, ஆகவே மறுக்கப்பட்டது. அவன் தட்டிய பழைய கட்டளைகளைப் புரட்டினால், முந்தின நாள் சாயங்காலம் தன் ஹோம் டைரக்டரிக்கே அனுமதியை மாற்றும் ‘சிஎச்மாட் 777’. வேறொரு ஃபைலை யாரோ திறக்க முடியவில்லை என்றார்களாம்.

வாசிக்க 4, எழுத 2, இயக்க 1, கூட்டினால் 7. உடையவனுக்கு ஏழு, குழுவுக்கு ஏழு, ஊருக்கெல்லாம் ஏழு. யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய வீட்டில், கீ ஃபைல் கிடக்கும் ஃபோல்டரையே எவனும் தூக்கிவிட்டுத் தன்னுடையதை வைத்துவிடலாம். அதனால் சர்வர் அந்தப் பட்டியலையே நம்புவதை நிறுத்திவிடும். வீட்டை ஊருக்கே திறந்துவிட்டால் வீட்டுக்காரனுக்கு வாசல் அடைபடும் என்பது இதன் திரண்ட பொருள்.

உடையவனைத் தவிர யாரும் எழுத முடியாதபடி 755 என்று மாற்றினேன். ஒரு விநாடி. தம்பி மேலிருந்து போன் செய்தான்: “அண்ணே, போயிடுச்சு! என்ன பண்ணீங்க?”

“ஒண்ணுமே பண்ணலை” என்றேன்.

இத்துறையில் மேலாய்வு செய்ய விரும்புவோரிடம் ஒரே விண்ணப்பம்: 777 போட்டிருந்தால், முதல் டீ வருவதற்குள் சொல்லிவிடுங்கள்.